அரிய சொல்லின் எடை

பத்தமடையில் பாய் நெய்யும் குடும்பம் ஒன்று இணையதளம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். முகப்பில் என்ன எழுதுவார்கள்? பெரும்பாலும் இப்படித்தான்: "தரமான பொருட்கள், நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்." அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வரியில் தேடுபொறி பிடித்துக்கொள்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஏன் இல்லை என்பதற்கான விடை 1972-ல் கேம்பிரிட்ஜில் ஒரு கட்டுரையாக எழுதப்பட்டுவிட்டது. கூகுள் நிறுவனம் அதற்கு 26 ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தது.

எழுதியவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 1935-ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். கிர்ட்டன் கல்லூரியில் வரலாறும் தத்துவமும் படித்தார், சிறிது காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தார். பிறகு, மொழியைக் கணினிக்குப் பழக்குவது எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருந்த மார்கரெட் மாஸ்டர்மேனின் சிறு குழுவில் சேர்ந்தார். அங்கே அவரைப் பற்றிக்கொண்ட கேள்வி எளிமையானது. ஆயிரக்கணக்கான ஆய்வுச் சுருக்கங்கள் குவிந்து கிடக்கின்றன, ஒருவர் நான்கைந்து சொற்களைக் கொடுத்துத் தேடுகிறார். எந்தச் சுருக்கத்தை முதலில் எடுத்துக் கொடுப்பது? எதில் அதிகச் சொற்கள் பொருந்துகின்றனவோ அதை என்றுதான் யாருக்கும் தோன்றும். எல்லாச் சொல்லையும் ஒரே எடையாக நிறுப்பது தவறு என்றார் ஸ்பார்க் ஜோன்ஸ். ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று எண்ணுங்கள், குறைவாக வந்தால் எடையைக் கூட்டுங்கள், எங்கும் வந்தால் குறைத்துவிடுங்கள். துறையினர் இன்று ஐ.டி.எஃப். என்று அழைக்கும் அளவு இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம்மிடம் 10 லட்சம் பக்கங்கள் இருப்பதாகவும், "தரமான" என்ற சொல் அவற்றில் 1 லட்சம் பக்கங்களில் வருவதாகவும் கொள்வோம். பத்துக்கு ஒன்று. 10-ன் மடக்கை 1, ஆகவே எடை 1. "பாய்" 1,000 பக்கங்களில் வந்தால் ஆயிரத்துக்கு ஒன்று, எடை 3. "பத்தமடை" 10 பக்கங்களில் மட்டும் வந்தால் லட்சத்துக்கு ஒன்று, எடை 5. எல்லாப் பக்கத்திலும் இருக்கும் சொல்லுக்கு எடை 0.

மடக்கை எதற்கு என்றால், அரிய சொற்கள் இரண்டு சேரும்போது அவற்றின் அருமை பெருகுகிறது. ஆயிரத்தில் ஒரு பக்கத்தில் வரும் சொல்லும் நூறில் ஒரு பக்கத்தில் வரும் சொல்லும், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால், தற்செயலாக ஒரே பக்கத்தில் சேர்வது லட்சத்தில் ஒரு முறை. மடக்கையில் அந்தப் பெருக்கல் 3 கூட்டல் 2 என்று ஆகிவிடுகிறது. பக்கத்தின் மதிப்பெண்ணைச் சொல் சொல்லாகக் கூட்டிக்கொண்டே போகலாம். இவ்வளவு சின்னக் கணக்குக்கு இவ்வளவு பெரிய பயன் கிடைத்தது கணினித் துறையில் அபூர்வம். பின்னாளில் ஸ்டீஃபன் ராபர்ட்சனும் ஸ்பார்க் ஜோன்ஸும் சேர்ந்து இதற்கு நிகழ்தகவு அடித்தளம் அமைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த வாய்பாடுகள் இன்றும் பல தேடல் மென்பொருள்களின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியர் ஆக்கியது 1999-ல், அந்தக் கட்டுரை வெளிவந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு. இது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

பத்தமடைக் குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது? நிறையவே. "தரமான", "சிறந்த", "நம்பகமான" என்று வியாபாரிகள் விரும்பி எழுதும் சொற்கள்தான் எல்லாத் தளங்களிலும் இருப்பவை, எடை குறைந்தவை. வெறும் "பாய்" என்று தேடினால் பிளாஸ்டிக் பாய், யோகா பாய் என்று பெரிய விற்பனைத் தளங்கள் முந்திக்கொள்ளும். ஆனால் மணமக்கள் பெயரை ஓரத்தில் நெய்த கல்யாணப் பாய் வேண்டும் என்று ஒரு பெண்ணின் தாய் தேடும்போது நிலைமை வேறு. கோரை, பட்டுப்பாய், பெயர் நெய்து தருவது, இத்தனை அடி நீளம், எத்தனை நாளில் கிடைக்கும் என்றெல்லாம் விவரமாக எழுதிய பக்கம் உலகத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அந்த ஒன்று ஒரு நெசவாளரின் பக்கமாக இருக்க முடியும். பொதுச்சொல்லில் பெரியவர்களோடு மோதத் தேவையில்லாத இடம் இது. தன் தொழிலைப் பற்றித் தனக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு சாதகமாகவே இருக்கிறது.

இத்தனை பக்கங்களையும் நொடிக்குள் எப்படிப் புரட்டுகிறார்கள்? புரட்டுவதே இல்லை. தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லடைவு பழக்கமானது. 1960-களின் இறுதியில் தொடங்கி புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்துக்கு மூன்று தொகுதிகளில் சொல்லடைவு வெளியிட்டது. ஒரு சொல்லைப் பார்த்தால் அது வரும் நூலும் அடியும் பக்கத்திலேயே இருக்கும். தேடுபொறியும் இணையம் முழுமைக்கும் இதே சொல்லடைவைத்தான் முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது. நாம் "பத்தமடை" என்று தட்டும்போது அது இணையத்துக்குப் போவதில்லை, தன் அடைவைத் திறந்து அந்தச் சொல்லுக்கு நேரே உள்ள பட்டியலை எடுக்கிறது. அடைவில் ஏறாத பக்கம் தேடுகிறவருக்கு இல்லாத பக்கம். விலைப்பட்டியலையும் முகவரியையும் அழகான சுவரொட்டிபோல் ஒரே படமாகச் செய்து தளத்தில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படத்துக்குள் அடைபட்ட எழுத்து அடைவுக்குள் ஒழுங்காக ஏறும் என்று நம்ப முடியாது. அதையே எழுத்தாகவும் தட்டி வைத்துவிடலாம்.

தமிழ்ப் பக்கங்கள் அடைவில் ஏறாமல் கிடந்த காலம் ஒன்று உண்டு. 1990-களில் தளத்துக்கு ஒரு எழுத்துரு இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தது, இயந்திரத்துக்கு அர்த்தமற்ற குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தும் தளங்கள் அதற்கு மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. மாறாமலே நின்றுபோன தளங்களில் இருக்கும் எழுத்தைத் தேடி எடுப்பது இன்றும் பெரும்பாடு.

அடுத்த சிக்கல் இலக்கணம். பாயை, பாய்க்கு, பாயில், பாய்கள் என்று ஒரே சொல் உருமாறி வரும். இவற்றை வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அடைவு சிதறிப்போகும். ஆங்கிலத்துக்கு அந்த வேலையைச் செய்யும் எளிய விதிகளை மார்ட்டின் போர்ட்டர் 1980-ல் வெளியிட்டார். தமிழுக்கு அவ்வளவு எளிதில் முடியாது, விகுதியை வெட்டினால் பொருளும் வெட்டுப்படும். "சென்னையிலிருந்து மதுரைக்குப் பேருந்து" என்பதில் வேற்றுமை உருபுகளை நீக்கினால் சென்னை, மதுரை, பேருந்து மட்டும் மிஞ்சும். எங்கிருந்து எங்கே என்பதுதான் கேள்வியே, அது போய்விடும். சுற்றியுள்ள சொற்களை வைத்து ஒரு சொல்லின் பொருளைக் கணிக்கும் பெர்ட் என்ற நரம்பியல் வலையமைப்பை 2019 அக்டோபரில் கூகுள் தேடலில் சேர்த்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது. சொற்களைப் பொறுக்கி அடுக்குவதைவிட, மனிதர் கேட்பதுபோலவே முழு வாக்கியத்தில் கேள்வியும் பதிலும் எழுதுவது இப்போது பலன் தருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வது. யாரும் எதையும் எழுதலாம், ஒரு சொல்லை நூறு தடவையும் எழுதலாம். அப்படியானால் எந்தப் பக்கத்தை நம்புவது? 1990-களின் நடுவில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் எடுத்துக்கொண்ட கேள்வி இது. மற்றவர்கள் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பைச் சான்றாகக் கொள்ளலாம், முக்கியமான பக்கம் தரும் சான்றுக்கு மதிப்பு அதிகம் என்றார்கள். சரி, முக்கியமான பக்கம் எது? முக்கியமான பக்கங்கள் சான்று தரும் பக்கம்! கேட்டால் தலை சுற்றுகிறது. சுற்றி வளைத்துத் தன்னிடமே வந்து நிற்கும் இந்த வரையறைக்கு ஒரே ஒரு விடை உண்டு என்பதுதான் வியப்பு.

மூன்றே பக்கங்கள் உள்ள இணையத்தைக் கற்பனை செய்யுங்கள். நெசவாளர் பக்கத்திலிருந்து பயணக் கட்டுரைக்கும் அருங்காட்சியகத்துக்கும் இணைப்பு உண்டு. கட்டுரையிலிருந்து அருங்காட்சியகத்துக்கு, அருங்காட்சியகத்திலிருந்து நெசவாளருக்கு. 60 பேரை மூன்று பக்கங்களிலும் சமமாக, 20, 20, 20 என்று நிறுத்துவோம். மணி அடிக்கும்போதெல்லாம் ஒவ்வொருவரும் இருக்கும் பக்கத்தின் ஏதாவது ஓர் இணைப்பு வழியே நகர வேண்டும். இரண்டு வழி இருந்தால் பாதிப் பாதி. முதல் மணியில் நெசவாளரிடம் 20, கட்டுரையில் 10, அருங்காட்சியகத்தில் 30 பேர். அடுத்து 30, 10, 20. அடுத்து 20, 15, 25. நான்காவது மணியில் 25, 10, 25. ஆட்டம் அடங்கி அடங்கி 24, 12, 24 என்ற இடத்தை நோக்கிப் போகிறது. அங்கே போன பிறகு ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், எண்ணிக்கை மாறாது. 60 பேரையும் முதலில் கட்டுரையிலேயே குவித்து வைத்துத் தொடங்கினாலும் முடிவு இதே 24, 12, 24 தான். தாளும் பேனாவும் இருந்தால் செய்து பாருங்கள்.

இத்தகைய கணக்குகளுக்கு விடை உறுதியாக உண்டு என்று ஜெர்மானியக் கணித அறிஞர்கள் பெரோனும் (1907) ஃப்ரோபீனியஸும் (1912) நிறுவியிருந்தார்கள். இணையத்தை அவர்கள் கனவிலும் கண்டிருக்க முடியாது. உண்மை இணையத்தில் வெளியே போக வழியில்லாத பக்கங்களும் தங்களுக்குள்ளேயே சுற்றும் பக்கங்களும் உண்டு. அதற்காக பேஜும் பிரினும் ஓர் ஏற்பாடு செய்தார்கள்: நூற்றுக்கு 85 முறை இணைப்பு வழியே போகலாம், 15 முறை எங்கோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிட வேண்டும். 1998-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் அடைவில் இருந்த பக்கங்கள் சுமார் 2.4 கோடி.

சான்றுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் பொய்ச் சான்று விற்பவர்கள் வந்துவிட்டார்கள். ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்துக்கொள்ள மட்டுமே ஆயிரக்கணக்கில் வெற்றுத் தளங்கள் முளைத்தன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களைக் கொட்டினார்கள். பெரியவர்களும் மாட்டினார்கள். வருகையாளருக்கு ஒன்றும் இயந்திரத்துக்கு ஒன்றும் காட்டியதற்காக 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ.வின் ஜெர்மன் தளத்தைக் கூகுள் சில நாட்கள் அடைவிலிருந்தே நீக்கியது. தொடர்பே இல்லாத தளங்களிலிருந்து ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடருக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருந்ததை 2011-ல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. தங்கள் அனுமதியில்லாமல் நடந்தது என்று அந்த நிறுவனம் சொன்னது, ஆனாலும் தேடல் வரிசையில் அது அடிமட்டத்துக்கு இறங்கியது. மறு ஆண்டு கூகுள் கொண்டுவந்த பெங்குவின் மாற்றம் இப்படிப்பட்ட இணைப்புகளைக் குறிவைத்தது. "கூகுளில் முதல் இடம் உறுதி" என்று சிறு கடைக்காரர்களிடம் பணம் கேட்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த உறுதியை யாராலும் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது.

பணம் கொடுத்து மேலே வரும் வழி விளம்பரம்தான். அதிலும் பணம் மட்டும் போதாது என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஓர் ஏலம் நடக்கிறது. சுருக்கிச் சொன்னால், கேட்ட தொகையையும் விளம்பரம் அந்தத் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற மதிப்பெண்ணையும் பெருக்குகிறார்கள். பெரிய கடை ஒரு க்ளிக்குக்கு 10 ரூபாய் கேட்டு, மதிப்பெண் 4 பெற்றால் 40. நம் நெசவாளர் 6 ரூபாய் கேட்டு 8 மதிப்பெண் பெற்றால் 48, அவரே மேலே. கட்ட வேண்டியதும் 6 ரூபாய் அல்ல, அடுத்தவரின் 40-ஐ எட்டுவதற்குப் போதுமான 5 ரூபாயும் சிறு துளியும்தான். "பாய்" என்ற சொல்லுக்கு இதைச் செய்தால் காசு கரையும், "பெயர் நெய்த கல்யாணப் பாய்" என்பதற்குச் செய்தால் மதிப்பெண்ணும் கூடும், போட்டியும் குறையும். ஸ்பார்க் ஜோன்ஸின் கணக்கு ஏலத்துக்குள்ளும் வந்து நிற்கிறது.

தங்கள் தளத்துக்கு வந்தவர்கள் என்ன தட்டித் தேடினார்கள் என்பதைக் கடைக்காரர்கள் பார்ப்பதற்கு கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பலர் அதைத் திறப்பதே இல்லை. "பட்டுப்பாய்" என்று நாம் எழுதியிருக்க, வந்தவர்கள் "கல்யாண பாய் பேர் போட்டது" என்று பேச்சுவழக்கில் தேடியிருப்பது அங்கே தெரியும். அந்தச் சொற்களையும் பக்கத்தில் இயல்பாகச் சேர்க்கலாம். ஒரு குறை உண்டு: மிகச் சிலரே தட்டிய தேடல்களை, தேடியவர் யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கருவி மறைத்துவிடுகிறது. மிக அரிதான, ஆகவே மிக எடையுள்ள சொற்களே பட்டியலில் விடுபட்டுப் போகும். அவற்றைப் பெற ஒரே வழி, ஆர்டர் கொடுக்க ஃபோன் செய்கிறவரிடம், "என்ன போட்டுத் தேடுனீங்கம்மா?" என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது.