மாயமாய் மறைந்த கிரகம்!

வைகாசி மாதத்து இரவு. மணி பத்து. உறுவையாற்று வயல்வெளியில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். இடப்பக்கம் இருக்கிறதே, அதன் பெயர் ஆல்பா செண்டாரி.

அது நம் சூரியனுக்குப் பக்கத்து வீடு! பக்கத்து வீடு என்றாலும், அங்கிருந்து புறப்படும் ஒளி இங்கே வந்து சேர 4 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்த நட்சத்திரத்துக்கும் புதுச்சேரிக்கும் பழைய சொந்தம் உண்டு. 1689-ம் ஆண்டு டிசம்பர் மாதம், புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ழான் ரிஷோ, ஒரு வால் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆல்பா செண்டாரியும் கண்ணில் பட்டது. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது, உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள் என்று அவர் கண்டுகொண்டார். அந்த இரண்டும் ஒன்றை ஒன்று சுற்றிவர சுமார் 80 வருஷம் ஆகிறது. பெரியதை "ஏ" என்றும், சிறியதை "பி" என்றும் விஞ்ஞானிகள் அழைக்கிறார்கள்.

2012-ம் ஆண்டு அக்டோபரில் "பி" நட்சத்திரத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தது. அதைப் பூமி அளவுள்ள ஒரு கிரகம் சுற்றுகிறது என்றார்கள். உலகமே பரபரப்பு அடைந்தது. மூன்று வருஷம் கழிந்தது. அந்தக் கிரகத்தைக் காணோம்!

வெடித்துப் போனதா? இல்லை. அப்படி ஒரு கிரகம் அங்கே இருந்ததாகவே தெரியவில்லை. அப்படியானால், கெட்டிக்கார விஞ்ஞானிகள் ஏமாந்தது எப்படி?

அப்பாவும் பிள்ளையும்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கிரகத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கிரகத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் அது மறைந்துவிடும்.

அப்பாவும் சின்னப் பிள்ளையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருக்கலாம். பிள்ளை பெரிய வட்டமாகச் சுற்றும். அப்பா நின்ற இடத்திலேயே லேசாக அசைவார். பிள்ளையை மறைத்துவிட்டாலும், அப்பாவின் அசைவைப் பார்த்தே "கையில் பிள்ளை இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். கிரகம் பிள்ளை. நட்சத்திரம் அப்பா.

அவ்வளவு தூரத்து அசைவை அளப்பது எப்படி? வில்லியனூர் ரயில் நிலையத்தில் நிற்காமல் ஓடும் ரயில் ஒன்று ஊதிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம். நெருங்கி வரும்போது ஊதல் கீச்சென்று இருக்கும். தாண்டிப் போனதும் சத்தம் தணிந்து தடிக்கும். ஒளியும் இப்படித்தான். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அதன் ஒளி நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்கிறது என்று கருவியால் அளந்தால் வேகம் தெரிந்துவிடும்.

இந்த முறையில்தான் 1995-ல் மேயர், கெலோ என்ற இரண்டு சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள், சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தின் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். 2019-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அது பெரிய கிரகம். பூமி போன்ற சிறு கிரகம் என்றால் கஷ்டம். பூமி நம் சூரியனை அசைக்கும் வேகம் வினாடிக்கு 9 சென்டிமீட்டர்தான். அரைச் சாண்கூட இல்லை!

கொதிக்கும் உலை

அப்பா நல்லபடியாக நின்றால் அவருடைய அசைவை அளக்கலாம். அவரே ஆடிக்கொண்டிருந்தால்?

சூரியனின் மேற்பரப்பு சோற்று உலை போல இடைவிடாமல் கொதிக்கிறது. ஒவ்வொரு கொப்புளமும் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம்! சூடான வாயு மேலே வரும். ஆறியது கீழே போகும். போதாததற்குக் கரும்புள்ளிகள் வேறு. அந்தப் புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளியே பாய்கிறது என்பதை 1909-ம் ஆண்டு ஜனவரியில் கண்டவர் ஜான் எவர்ஷெட். கண்ட இடம் நம் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையம். ஒளி நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் நகர்வதை வைத்துத்தான் அவரும் கண்டுபிடித்தார்.

புள்ளி செய்யும் மோசடி இதுதான். நட்சத்திரம் பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் ஒரு ஓரம் நம்மை நோக்கி வருகிறது. மறு ஓரம் விலகிப் போகிறது. இரண்டும் சமம். தராசு நேராக நிற்கும். நம்மை நோக்கி வரும் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி வந்தால், அந்தப் பக்கத்து ஒளி குறைகிறது. தராசு சாய்கிறது. நட்சத்திரமே விலகிப் போவது போலத் தோன்றும். சில நாளில் புள்ளி மறு ஓரத்துக்குப் போய்விடும். இப்போது நட்சத்திரம் நெருங்கி வருவது போலத் தோன்றும். யாரோ பிடித்து அசைப்பது போலவே இருக்கும்!

இல்லாத பிள்ளை

2012-ல் நடந்ததற்கு வருவோம். சேவியர் டுமுஸ்க் என்பவரும் அவருடைய குழுவினரும், தென் அமெரிக்காவில் சிலி நாட்டு மலை மேல் உள்ள கருவியால் "பி" நட்சத்திரத்தை 400 முறைக்கு மேல் அளந்தார்கள். கொதிப்பு, புள்ளி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கழித்தார்கள். கடைசியில் மூன்றேகால் நாளுக்கு ஒருமுறை வரும் ஓர் அசைவு மிஞ்சியது. வினாடிக்கு 51 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். அதைக் கிரகம் என்று அறிவித்தார்கள்.

2015-ல் இங்கிலாந்து நாட்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வினேஷ் ராஜ்பாலும் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு பொய் நட்சத்திரத்தை உண்டாக்கினார்கள். அதற்குக் கிரகமே வைக்கவில்லை. டுமுஸ்க் குழுவினர் அளந்த அதே நாட்களில் அதையும் "அளந்தார்கள்". அங்கேயும் அதே மூன்றேகால் நாள் அசைவு வந்து நின்றது! நட்சத்திரத்தின் ஆட்டமும், அளக்காமல் விட்ட நாட்களின் இடைவெளியும் சேர்ந்து இல்லாத பிள்ளையைக் காட்டிவிட்டன.

டுமுஸ்க் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான லா பால்மா தீவில் ஒரு சிறு தொலைநோக்கியை அமைத்து, 2015 முதல் சூரியனையே அளக்கும் குழுவுக்குத் தலைமை வகித்தார். நல்ல யோசனைதான். சூரியனுக்கு எந்தெந்தக் கிரகம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் புள்ளிகளையும் கண்ணால் பார்க்கலாம். ஆகவே, புள்ளி எவ்வளவு ஆட்டுகிறது, கிரகம் எவ்வளவு ஆட்டுகிறது என்று பிரித்துப் பழகலாம்.

ஆல்பா செண்டாரிக்கு மூன்றாவதாக ஒரு குட்டித் தம்பியும் உண்டு. பெயர் பிராக்சிமா. வெறும் கண்ணுக்குத் தெரியாது. 2016-ல் அதன் அசைவை அளந்தவர்கள், அதே இரவுகளில் வேறு தொலைநோக்கிகளால் அதன் வெளிச்சத்தையும் கவனித்தார்கள். புள்ளிதான் அசைக்கிறது என்றால் வெளிச்சமும் அதே கணக்கில் கூடிக் குறைய வேண்டும் அல்லவா? அப்படிக் குறையவில்லை. 11 நாளுக்கு ஒருமுறை பிராக்சிமாவைச் சுற்றிவரும் அந்தக் கிரகம் இன்னும் மறையவில்லை.