உயிர்த்த ஞாயிறு: ஒரு திருநாளின் பெயரும் பொருளும்

2019 ஆம் ஆண்டிற்குப் பின்னர் நமது நாட்டுப் பத்திரிகைகளில் ‘ஈஸ்டர்’ என்னும் சொல் பெரும்பாலும் ‘தாக்குதல்’ என்னும் சொல்லுடன் இணைந்தே அச்சேறி வருகின்றது. நாடாளுமன்ற விவாதங்களிலும் நீதிமன்றச் செய்திகளிலும் அவ்வாறே. கிறிஸ்தவ மக்களின் தலையாய திருநாளின் பெயர் ஒரு கொடுஞ்செயலின் பெயராகிவிட்டமை வேதனைக்குரியது. அன்று சிறு பிள்ளைகளாயிருந்த ஏனைய மதத்து இளையோரிற் பலர் இச்சொல்லை முதன்முதலாக அறிந்ததே அக்குண்டுவெடிப்புகளின் வழியாக இருக்கக்கூடும். எனவே, இத்திருநாள் எதனைக் குறிக்கின்றது, எங்கிருந்து வந்தது என்பதை ஒரே மண்ணில் வாழும் நாம் அனைவரும் அறிந்துகொள்வது அவசியமாகின்றது.

உரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 30 அளவில், யெருசலேமில் சிலுவையில் அறையுண்டு மரித்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் அடிப்படை நம்பிக்கையாகும். அந்த உயிர்ப்பின் நினைவே உயிர்த்த ஞாயிறு. நத்தார் வெளிப்பார்வைக்குப் பெரிய விழாவாகத் தோன்றினாலும், அது டிசம்பர் 25 இல் கொண்டாடப்பட்டமைக்கான உறுதியான சான்று நான்காம் நூற்றாண்டிலேயே கிடைக்கின்றது. உயிர்ப்பு விழாவோ இரண்டாம் நூற்றாண்டிலேயே வழக்கிலிருந்தது. இஸ்லாமியர் ஈஸா நபி (அலை) அவர்களைச் சிறப்புக்குரிய இறைத்தூதராக மதிக்கின்றனர். எனினும் அவர் சிலுவையில் மரித்தார் என்பதை இஸ்லாம் ஏற்பதில்லை. இவ்வேறுபாட்டை மறைக்கவேண்டிய தேவையில்லை. அறிந்து மதிக்கப்படும் வேறுபாடு பகைக்கு இடந்தருவதில்லை.

இத்திருநாளின் வேர் யூதர்களின் பாஸ்காப் பண்டிகையில் உள்ளது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர், இஸ்லாமியர் மூஸா நபி எனப் போற்றும் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்றதை அப்பண்டிகை நினைவுகூருகின்றது. இயேசு மரித்தது அப்பண்டிகைக் காலத்திலேயே என நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. ஆதலால் கிரேக்க, இலத்தீன் மொழிகளில் உயிர்ப்பு விழாவும் ‘பஸ்கா’ என்றே பெயர்பெற்றது. போர்த்துக்கேயரின் ‘பாஸ்கோவா’, சிங்களத்தின் ‘பாஸ்கு’ ஆகியனவும் அதன் வழிவந்த சொற்களே. ஆங்கிலத்தின் ‘ஈஸ்டர்’ மட்டும் வேறு வழியில் வந்தது. ‘இயோஸ்த்ரே’ என்னும் பழைய தெய்வத்தின் பெயரால் வழங்கிய மாதத்திலிருந்து அது பிறந்தது என எட்டாம் நூற்றாண்டில் பீட் என்னும் ஆங்கிலத் துறவி எழுதிவைத்தார். இவ்வொரு குறிப்பை வைத்து, ஈஸ்டர் பண்டிகையே கிறிஸ்தவத்திற்குப் புறம்பானது எனக் கூறுவோர் உளர். ஒரு மொழியிலுள்ள பெயரின் வரலாறு வேறு, திருநாளின் வரலாறு வேறு என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இத்திருநாள் ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் வருவது ஏன்? மார்ச் 21 ஆம் தேதியன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதலாவது பௌர்ணமியை அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறாகும். ஆகவே அது மார்ச் 22 இற்கும் ஏப்ரல் 25 இற்கும் இடையில் அமையும். போயா தினம் விடுமுறையாகவுள்ள நமது நாட்டினருக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். 2019 ஆம் ஆண்டில் பக் போயா தினமும் பெரிய வெள்ளியும் ஏப்ரல் 19 ஆம் தேதி ஒன்றாகவே வந்தன. அன்று மாலையே யூதர்களின் பாஸ்காவும் தொடங்கியது.

பிறை பார்ப்பது குறித்த கருத்து வேறுபாடுகளை அறிந்த முஸ்லிம் வாசகர்களுக்குப் பழைய திருச்சபையின் தேதிச் சர்ச்சையும் வியப்பளிக்காது. சின்ன ஆசியாவின் கிறிஸ்தவர்கள், எந்தக் கிழமையாயினும் யூத மாதமாகிய நிசானின் 14 ஆம் நாளிலேயே விழாக் கொண்டாடினர். உரோமாபுரியினரோ ஞாயிற்றுக்கிழமையே தகும் என்றனர். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிமிர்னா நகர ஆயர் பொலிகார்ப், உரோமாபுரி ஆயர் அனிசேட்டஸைச் சந்தித்து இதுபற்றி உரையாடினார். இருவரும் ஒருவரையொருவர் இணங்கவைக்க முடியவில்லை. ஆயினும் சேர்ந்து வழிபட்டு, சமாதானமாகவே பிரிந்தனர். 325 ஆம் ஆண்டு நிசேயாச் சங்கம் அனைவரும் ஒரே ஞாயிறில் கொண்டாடவேண்டும் எனத் தீர்மானித்தது. 1582 இல் பாப்பரசர் 13 ஆம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபின், பழைய கணக்கைத் தொடர்ந்த கிழக்குத் திருச்சபைகளின் விழா பெரும்பாலும் வேறொரு ஞாயிறில் வருகின்றது. 2025 இல் இரு மரபினருக்கும் அது ஏப்ரல் 20 இலேயே அமைந்தது.

திருநாளுக்கு முன்னதாக நாற்பது நாள் தவக்காலம் வருகின்றது. விபூதிப் புதன் தொடக்கம் பெரிய சனி வரை 46 நாட்கள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் நோன்புக் கணக்கில் சேர்வதில்லை. முந்திய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலே விபூதிப் புதனன்று நெற்றியில் இடப்படுவது மரபு. குருத்தோலை ஞாயிறில் பவனி; பெரிய வியாழனன்று இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாகப் பாதம் கழுவும் சடங்கு; பெரிய வெள்ளியன்று கத்தோலிக்க ஆலயங்களில் திருப்பலி இல்லை, திருப்பாடுகளின் வாசிப்பும் சிலுவை வணக்கமுமே உண்டு. சனி இரவு இருளில் புதுத்தீ மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரி ஏற்றப்படும். அவ்வொளி கைக்குக் கை பரவி ஆலயம் முழுவதையும் நிறைப்பது இவ்விழாவின் உச்சக்கட்டமாகும்.

வண்ண முட்டைகளுக்கும் தவக்காலத்தோடு தொடர்புண்டு. மத்திய கால ஐரோப்பாவில் நோன்பு நாட்களில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகள் இட்டுச் சேர்ந்த முட்டைகள் திருநாளன்று உணவாகவும் பரிசாகவும் பயன்பட்டன. கிழக்குத் திருச்சபையினர் கிறிஸ்துவின் இரத்தத்தின் அடையாளமாக அவற்றுக்குச் சிவப்பு நிறமூட்டினர். முட்டை கொண்டுவரும் முயல், 17 ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் குறிப்பிடப்படும் நாட்டார் வழக்காகும்.

நமது மண்ணிலும் இத்திருநாளுக்கு நீண்ட மரபு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்ட காலத்தில், கோவாவிலிருந்து வந்து 1742 இல் மறையும் வரை பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால வாசிப்பாக நிலைத்தது. நீர்கொழும்பின் தூவ கிராமத்துப் பாஸ்குக் காட்சியும், யாழ்ப்பாணத்துத் திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் நாடகங்களும் மதவேறுபாடின்றிப் பலரும் அறிந்தவை.

இத்தகைய திருநாளன்றுதான், 2019 ஏப்ரல் 21 ஆம் தேதி, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியனவும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. 260 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் நேர்த்தி வைத்துச் செல்லும் இடம் கொச்சிக்கடை. மட்டக்களப்பில் மாண்டவர்களுள் ஞாயிறு பாடசாலைச் சிறார்களும் இருந்தனர். கட்டுவாப்பிட்டியில் இரத்தம் தெறித்தது உயிர்த்த இயேசுவின் சொரூபத்தின் மீதே. அடுத்த மாதம், இக்குற்றத்தில் எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் தாக்கப்பட்டன. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் உரியவர்கள் கடமை தவறினர் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நற்செய்தி நூல்களின்படி, முதலாவது உயிர்த்த ஞாயிறு விருந்தோடு தொடங்கவில்லை. துக்கத்தோடு கல்லறைக்குச் சென்ற பெண்களோடும், அச்சத்தாற் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்த சீடர்களோடுமே தொடங்கியது. உறவுகளை இழந்த நமது குடும்பங்களுக்கு இனி அந்நாள் திருநாளாகவும் நினைவு நாளாகவும் ஒருங்கே அமையும். அவர்களுக்குரிய நீதியை எவரும் மறக்கலாகாது. அக்குற்றத்தை அதன் தேதியால் ‘ஏப்ரல் 21 தாக்குதல்’ எனக் குறிப்பிடுவோம். ‘ஈஸ்டர்’ என்னும் பெயரை அதற்குரிய மக்களிடமும் அதன் உண்மைப் பொருளிடமும் திருப்பிக் கொடுப்போம். பத்திரிகைகளாகிய நாமே அதனைத் தொடங்கிவைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.