நடுவுல ஒரு ஆறு... அந்தப் பக்கம் ஒரு மேட்ச்!

சொந்த ஊர் ஸ்டேடியத்துல கத்துறதுக்கு தைரியமே தேவையில்லை பாஸ். சுத்தி இருக்கிறவங்க எல்லாம் நம்ம ஆளுங்க. ஆனா, எதிர் டீமோட ஊருக்கு ராத்திரி பஸ் பிடிச்சுப் போய், அவங்க கிரவுண்டுல ஒரு மூலையில கொத்தா நின்னு, நம்ம டீம் பேரைச் சொல்லி தொண்டை கிழியக் கத்தணும்னா... அதுக்குத் தனி தில் வேணும்! ஃபுட்பால் ரசிகர்கள் இந்தப் பயணத்துக்கு வெச்சிருக்கிற பேர், 'அவே டே'.

லண்டன்ல 'கிரேவன் காட்டேஜ்'னு ஒரு கிரவுண்டு இருக்கு. தேம்ஸ் ஆத்தங்கரையில, 1896-ல இருந்து ஃபுல்ஹாம் கிளப்போட வீடு. வெளியூர் ரசிகர்கள் ஒரு பூங்கா வழியா ஆத்தோரமாவே நடந்து வந்து, 'புட்னி எண்ட்' பக்கம் உட்காருவாங்க. இங்கிலாந்து ரசிகர்கள்கிட்ட பிடிச்ச அவே டே எதுன்னு கேட்டா, பலரும் சொல்ற பேர் இது.

நம்ம நாட்டுக்கும் இது புதுசில்லை. 1911 ஜூலை 29, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனல். பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடின மோகன் பகான் டீம், ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1னு கவுத்த மேட்ச். அதைப் பார்க்க ஸ்பெஷல் ரயில் ஏறியும், ஹூக்ளி ஆத்துல ஸ்டீமர் பிடிச்சும் ஜனங்க கல்கத்தா மைதானத்துல வந்து குவிஞ்சாங்க!

சரி, நம்ம கதைக்கு வருவோம். சென்னையின் எஃப்.சி.யோட பரம எதிரி டீம், பெங்களூரு எஃப்.சி. அவங்க கிரவுண்டு ஆத்தங்கரையில இல்லை. ஆனா அந்த ஊருக்கும் நமக்கும் நடுவுல ஒரு ஆறே ஓடுது. காவிரி! அந்த ஆத்தைத் தாண்டிப் போய் கத்திட்டு வந்த அண்ணன், அக்காங்களை பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை ஏரியாக்கள்ல தேடிப் பிடிச்சோம். அவங்க சொன்ன கதைகள் இதோ...

ஹோம் மேட்சே அவே ஆன கதை

பெங்களூருக்கு முன்னாடி ஒரு முன்கதை இருக்கு. 2015 டிசம்பர் முதல் வாரம். அடையாறு கரைபுரண்டு ஓடுச்சு. அனகாபுத்தூர், முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி. எனக்கு அப்போ பத்து வயசு. ஸ்கூல் லீவுங்கிற சந்தோஷம் ரெண்டே நாள்ல பயமா மாறினது நல்லா ஞாபகம் இருக்கு.

அந்த நேரம் பார்த்து சென்னையின் செமி ஃபைனலுக்கு வந்திருந்தது. வெள்ளத்தால சென்னையில மேட்ச் நடத்த முடியலை. டிசம்பர் 12-ம் தேதி, நம்ம 'ஹோம்' மேட்ச் புனேவுல மூலா ஆத்துப் பக்கத்துல இருக்கிற பாலேவாடி ஸ்டேடியத்துல நடந்துச்சு. நம்ம ஊரை ஒரு ஆறு மூழ்கடிக்க, நம்ம டீம் இன்னொரு ஆத்துப் பக்கம் போய் கொல்கத்தா டீமை 3-0னு ஜெயிச்சது. "அன்னைக்கு நான் எங்க வீட்டு ஹால்ல சேறு அள்ளிட்டு இருந்தேன்டா. சிக்னல் கிடைச்ச மொட்டை மாடியில நின்னுதான் ஸ்கோரே பார்த்தேன்" என்கிறார் அனகாபுத்தூர் அண்ணன் ஒருத்தர்.

எட்டு நாள் கழிச்சு, டிசம்பர் 20-ம் தேதி கோவாவுல ஃபைனல். எதிர் டீமும் கோவாதான். அண்ணன் மட்காவ் கிளம்பிட்டார். "வீட்டுல மெத்தையெல்லாம் வெயில்ல காயுது. நான் பையைத் தூக்கிட்டு நிக்கிறேன். எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க!" 87-வது நிமிஷம் கோவா 2-1னு முன்னால போயிடுச்சு. 90-வது நிமிஷம் கோவா கீப்பர் மேல பட்டு ஒரு சேம் சைடு கோல். அடுத்த ரெண்டு நிமிஷத்துல மென்டோசா அடிச்ச கோல். 3-2, கப் நமக்கு! "சுத்தி இருந்த கூட்டம் மொத்தமும் அமைதியா உட்கார்ந்திருக்க, நாங்க கொஞ்ச பேர் மட்டும் அழுதுட்டே குதிச்சோம். வெள்ளத்துக்கு அப்புறம் நான் சிரிச்சது அன்னைக்குத்தான்."

பல்லாவரம் டு கன்டீரவா

2017-18 சீசன்ல பெங்களூரு எஃப்.சி., ஐ.எஸ்.எல்.லுக்குள்ள என்ட்ரி. நம்மாளுங்களுக்கு கொண்டாட்டம்! கோவா மாதிரி லீவு போட்டு, காசு சேர்த்துப் போகவேண்டியதில்லை. பல்லாவரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா, எதிர்ல சென்ட்ரல். காலையில பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடிச்சா, ஆறு மணி நேரத்துல பெங்களூரு. மேட்ச் முடிஞ்சு ராத்திரி பஸ். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்னு தூங்கி வழிஞ்சு பூந்தமல்லியில கண்ணைத் திறந்தா விடிஞ்சிருக்கும். குன்றத்தூர் வழியா வீட்டுக்கு வந்து, குளிச்சுட்டு காலேஜுக்கு ஓட்டம்!

பிளான் எல்லாம் சூப்பர்தான். ஆனா வீட்டுல பர்மிஷன்?

காரணம், 2016 செப்டம்பர். காவிரித் தண்ணியைத் திறந்துவிடச் சொன்ன சுப்ரீம் கோர்ட் உத்தரவுக்கு அப்புறம், 12-ம் தேதி பெங்களூருல நடந்த வன்முறையில தமிழ்நாடு நம்பர் போட்ட பஸ்ஸும் லாரியும் எரிஞ்சதை எல்லார் வீட்டு டி.வி.யிலும் பார்த்திருந்தாங்க. அதுக்கப்புறம் பதினைஞ்சே மாசத்துல, சென்னை ஜெர்ஸி போட்டுக்கிட்டு அதே ஊருக்குப் போறேன்னு பிள்ளை வந்து நின்னா எந்த அப்பா விடுவார்?

"எங்கப்பா மூணு கண்டிஷன் போட்டார். டி.என். நம்பர் வேன்ல போகக் கூடாது, ரயில்லதான் போகணும். மணிக்கொரு தடவை போன் பண்ணணும். ஸ்டேடியத்துக்குள்ள போற வரைக்கும் ஜெர்ஸி பையைவிட்டு வெளிய வரக்கூடாது" என்கிறார் அப்போ காலேஜ்ல படிச்சிட்டிருந்த குரோம்பேட்டை அக்கா. இதுல காமெடி என்னன்னா, ரெண்டு டீமுக்கும் கலர் ப்ளூதான்! நம்ம ரசிகர் மன்றங்கள்ல ஒண்ணு 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்'. அவங்களோடது 'வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்'. "கூட வந்த பையன் ஒருத்தன் ஜெர்ஸியை மாட்டிக்கிட்டே வந்துட்டான். ஆட்டோக்காரர் அவனைப் பார்த்துட்டு 'இன்னைக்கு நம்ம டீம் ஜெயிக்கும்'னு வாழ்த்தி இறக்கிவிட்டார். நாங்களும் தலையாட்டிட்டு இறங்கிட்டோம்!"

அது 2017 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. ரெண்டு ஊருக்கும் நடந்த முதல் ஐ.எஸ்.எல். மோதல். ஆரம்பத்துலயே ஜெஜெ அடிச்ச கோல்ல நாம முன்னால இருந்தோம். 85-வது நிமிஷம் சுனில் சேத்ரி சமன் பண்ணிட்டார். ஸ்டேடியமே இடிஞ்சு விழற மாதிரி சத்தம். அடுத்த மூணே நிமிஷத்துல தன்பால் கணேஷ் கோல்! வியாசர்பாடியில கால்பந்து உதைச்சு வளர்ந்த நம்ம ஊர்ப் பையன். 2-1. "அந்த மூலையில நாங்க போட்ட சத்தம் மொத்த கிரவுண்டுக்கும் கேட்டுச்சு. ஏன்னா, மத்த எல்லாரும் வாயை மூடிட்டாங்கல்ல!"

தீர்ப்புக்கும் ஃபைனலுக்கும் நடுவுல 29 நாள்

ரியல் டெஸ்ட் அடுத்த மூணு மாசத்துல வந்தது. 2018 பிப்ரவரி 16-ம் தேதி காவிரி வழக்குல சுப்ரீம் கோர்ட் கடைசித் தீர்ப்பு. தமிழ்நாட்டோட பங்கு 192 டி.எம்.சி.யில இருந்து 177.25 டி.எம்.சி.யா குறைஞ்சது. கர்நாடகாவுக்குக் கூடுதலா கிடைச்ச 14.75-ல, 4.75 டி.எம்.சி. பெங்களூரு குடிதண்ணிக்கு. டெல்டாவுல கொதிப்பு. சரியா 29 நாள் கழிச்சு, மார்ச் 17-ம் தேதி ஐ.எஸ்.எல். ஃபைனல். எங்கே? பெங்களூரு ஸ்ரீ கன்டீரவா ஸ்டேடியம். யாருக்கும் யாருக்கும்? கேட்கவே வேணாம்!

அந்த ஸ்டேடியத்துக்கும் ஒரு தண்ணிக் கதை இருக்கு. அது ஒரு காலத்துல சம்பங்கி ஏரி. ஏரியை வத்தவெச்சு அந்த இடத்துலதான் கிரவுண்டு கட்டினாங்க. கரகத் திருவிழாவுக்காக ஒரு சின்னக் குளம் மட்டும் பக்கத்துல மிச்சம் இருக்கு. ஏரியைத் தூர்த்து நகர் போடுறதைப் பார்த்து வளர்ந்த நம்ம தாம்பரம் பக்கத்து ஆளுங்களுக்கு இதைப் புதுசா விளக்கவா வேணும்?

மேட்சுக்கு வருவோம். 9-வது நிமிஷம் சேத்ரி பாய்ஞ்சு தலையால முட்டி கோல். "எங்க மூலையில மட்டும் மயான அமைதி. 'அப்பா பேச்சைக் கேட்டு வீட்டுலயே இருந்திருக்கலாமோ'ன்னு தோணுச்சு" என்கிறார் அக்கா. 17-வது நிமிஷம், கார்னர்ல இருந்து மெயில்சன் ஆல்வெஸ் ஹெட்டர். 45-வது நிமிஷம், மறுபடி கார்னர், மறுபடி மெயில்சன்! 67-ல ரஃபேல் அகஸ்டோ. கடைசி நேரத்துல மிக்கு ஒண்ணு திருப்பிக் கொடுத்தாலும் 3-2. லீக்ல முதல் இடம் பிடிச்ச டீமை, அவங்க வீட்டுலயே வெச்சு ஜெயிச்சு ரெண்டாவது கப்!

எல்லாரும் கேட்கிற கேள்வி, "அதுக்கப்புறம் அடிதடி ஆச்சா?"

"தண்ணியை இழுத்துக் கத்தினவங்க இருந்தாங்க. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு பக்கமும் இருந்தாங்க" என்கிறார் பம்மல் சங்கர் நகர் அண்ணன். "கூட்டம் கலையட்டும்னு போலீஸ் எங்களை கேலரியிலயே உட்காரவெச்சுட்டாங்க. வெளிய வந்தா, பெங்களூரு ஜெர்ஸியில நாலு பேர் நிக்கிறாங்க. ஒரு நிமிஷம் பக்னு ஆயிடுச்சு. அதுல ஒருத்தன் கையை நீட்டி, 'நல்லா ஆடினீங்க மச்சா'ன்னான். சுத்தமான தமிழ்! சாப்பிடுற இடம் காட்டினதும் அவங்கதான்."

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. பெங்களூரு ஃபுட்பாலோட நாத்தங்கால்னா அல்சூர் பக்கத்துல இருக்கிற கௌதமபுரா, அப்புறம் ஆஸ்டின் டவுன். தமிழ் பேசுற குடும்பங்கள் நிறைய இருக்கிற ஏரியாக்கள். கௌதமபுராவுக்கு 'மினி பிரேசில்'னே பட்டப்பேரு. பீலேவுக்குச் சிலையே வெச்சிருக்காங்க! 'மச்சா'ங்கிறது பெங்களூருப் பசங்க தினமும் புழங்குற வார்த்தை. நம்ம ஊர் ரசிகர் மன்றத்தோட பேரு 'சூப்பர் மச்சான்ஸ்'. எதிரி எதிரிங்கிறோம், கடைசியில பார்த்தா ரெண்டு பக்கமும் மச்சான்ங்கதான்!

தண்ணிக் கணக்கும் அப்படித்தான். பெங்களூரு குடிக்கிறது காவிரி. சென்னைக்கும் 2004-ல இருந்து வீராணம் வழியா வர்றது காவிரித் தண்ணி. நம்ம தாம்பரம் பக்கம் பேசுற பாலாறு பிறக்கிற இடம் பெங்களூருக்குப் பக்கத்துல இருக்கிற நந்தி மலை. ரெண்டு கேலரியிலும் கத்தி வறண்ட தொண்டையை நனைக்கிற தண்ணியில காவிரியும் இருக்கு பாஸ்.

விசில் அடிச்சா முடிஞ்சிடணும்

ஃபைனல் முடிஞ்சு ஒரு மாசம்கூட ஆகலை. 2018 ஏப்ரல் 10-ம் தேதி, காவிரிப் போராட்டத்துக்கு நடுவுல சேப்பாக்கத்துல ஒரே ஒரு ஐ.பி.எல். மேட்ச் நடந்தது. மிச்ச ஹோம் மேட்ச் எல்லாம் புனேவுக்குப் போயிடுச்சு. சி.எஸ்.கே. ரசிகர்கள் 'விசில்போடு எக்ஸ்பிரஸ்'னு தனி ரயில்ல புனே போனாங்க. அங்கே போனா, பவனா ஆத்துத் தண்ணியை கிரவுண்டுக்கு எடுக்கக் கூடாதுன்னு மும்பை ஹைகோர்ட் உத்தரவு! ஒரு ஆத்துப் பிரச்னைக்குத் தப்பிச்சு இன்னொரு ஆத்துப் பிரச்னைக்குள்ள போன கதை.

விவசாயியோட கோபத்துல நியாயம் இருக்கு. அதை மேட்ச் பார்த்து மறக்கச் சொல்லலை. ஆனா ஆத்துச் சண்டைக்கு ஃபைனல் விசில் கிடையாது. மேட்சுக்கு உண்டு. 90 நிமிஷம் கத்தித் தீர்த்துட்டு, கை கொடுத்துட்டு வரலாம். டி.வி.யில எரியற பஸ்ஸை மட்டுமே பார்த்தவனுக்கு பெங்களூருன்னா பயம். அங்கே போய், தோத்தவன் கையால கும்பிட்டு வழி காட்டினதைப் பார்த்தவனுக்கு அது இன்னொரு ஊர். அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை எந்த டி.வி. விவாதமும் சொல்லித் தராது, ஒரு அவே டே சொல்லித் தரும்.

அதனாலதான், இந்தப் பயணம் கையைவிட்டுப் போயிடுமோன்னு ரசிகர்களுக்குக் கவலை. கொரோனாவால 2020-21, 2021-22 ரெண்டு சீசனும் மொத்தமா கோவாவுலயே நடந்தது. அதுக்கு முன்னாடி, 2020 மார்ச் 14-ல நம்ம டீம் ஆடின ஃபைனலே காலி கேலரிக்கு முன்னாடிதான். அடுத்த இடி 2025 ஜூலையில. லீக்கை நடத்துற ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால சீசனையே நிறுத்திவெச்சாங்க. மாசக்கணக்குல இழுத்து, 2026 ஜனவரியில வந்த அறிவிப்புல 14 டீம், 91 மேட்ச். அதாவது, ஒரு டீமோட ஒரே ஒரு தடவைதான் மோதல். நாம அங்கே போவோம், இல்லைன்னா அவங்க இங்கே வருவாங்க. ரெண்டும் கிடையாது!

"கப்பு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும்" என்கிறார் பம்மல் அண்ணன். "காலேஜ் பசங்க ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போய் நின்னு கத்திட்டு வரணும்டா. அதுக்கு மேட்ச் இருக்கணும்ல?"

கிளம்புறீங்களா? இதைக் கவனிங்க!

* தனியா போகாதீங்க. ரசிகர் மன்றத்தோட சேர்ந்து போனா அவே கேலரியில சேர்ந்து உட்காரலாம்.

* கடைசி ரயிலை நம்பாதீங்க. கூட்டம் கலைஞ்ச பிறகுதான் வெளிய விடுவாங்க. ராத்திரி பஸ்தான் சேஃப்.

* பவர் பேங்க், பெரிய பை எல்லாம் கேட்லயே நிறுத்துவாங்க. கையை வீசிட்டுப் போங்க.

* ஜாதி, மொழி, தண்ணி... இந்த மூணையும் இழுத்துப் பாட்டுக் கட்டாதீங்க. கலாய்க்க எதிர் டீமோட டிஃபென்ஸ் இருக்கே, போதாதா?

* வீட்டுல சொல்லிட்டுப் போங்க. மணிக்கொரு போன், அப்பாவுக்காக!