திராட்சை மதுவும் நீடிய ஆயுளும்

செந்நிறத் திராட்சை மது முதுமையைத் தடுக்கும் என்னுங் கொள்கை மேனாடுகளிற் பெரிதும் பரவியதொன்று. அதன் மெய்ம்மையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திராட்சைக் கொடி, பூஞ்சையின் தாக்குதலினின்று தன்னைக் காத்தற்பொருட்டு, ரெஸ்வெரட்ரால் என்னும் பொருளைக் கனியின் தோலில் உண்டாக்குகின்றது. தோலோடு புளிக்கவைத்தலாற் செந்நிற மதுவில் அது மிகுதி. கொழுப்பு மிக்க உணவுண்ட சுண்டெலிகளின் இறப்பை அது குறைத்ததென 2006-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆயின், வழக்கமான உணவுண்ட எலிகள் அதனால் நீடு வாழ்ந்தில.

அளவையும் நோக்குவாம். அவ்வெலிகள் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாடோறும் 22 மில்லிகிராம் பெற்றன. அக்கணக்கை அப்படியே கொள்ளின், 60 கிலோகிராம் எடையுள்ளார்க்கு 1,320 மில்லிகிராம் வேண்டும். ஒரு லிட்டர் மதுவிலோ சில மில்லிகிராமே உளது; அவ்வளவைப் பெற நாடோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் பருகவேண்டும்!

இத்தாலியிற் கியாந்திப் பகுதி முதியோர் 783 பேரை ஒன்பதாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அவர்கள் உணவிற்பெற்ற ரெஸ்வெரட்ராலின் அளவிற்கும் இறப்பிற்கும் யாதொரு தொடர்பும் காணப்படவில்லை. மது புற்றுநோய்க்குக் காரணமாதலோ ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஆகலின், கனியை உண்போம்; மதுவை ஆயுள் மருந்தென மயங்கோம்.