எஞ்சினைத் திறக்கும் முன் காதைத் திறப்போம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் உற்றார் உறவினர் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால் அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தம்பி வீடு அடுத்த மாநிலத்திலும் இருப்பது அங்கே சர்வ சாதாரணம். என் பெரியப்பா மகன் குடும்பமும் அப்படித்தான். பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வரும் ஒரு சிற்றூரில், மேடும் பள்ளமுமான நிலத்தில், கொஞ்சம் ரப்பரும் வாழையும் மரச்சீனியும் வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருக்கிறது. அந்த ஜீப் எனக்குக் கற்றுத் தந்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மலைச்சரிவுகளுக்கு லாரி வராது. மழை பெய்துவிட்டால் ஆட்டோ ரிக்ஷாவும் ஏறாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான் ரப்பர் ஷீட்டையும் வாழைக்குலையையும் சாலைக்குக் கொண்டு வரும். மகிந்திரா நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் பூட்டித் தரத் தொடங்கியது. பின்னாளில் பியூஜோ உரிமத்தில் செய்த 2112 சி.சி. டீசல் எஞ்சின் அவற்றில் வந்தது. அந்தத் தலைமுறை ஜீப்புகளில் கம்ப்யூட்டர் கிடையாது, எச்சரிக்கை விளக்குகளும் மிகக் குறைவு. கோளாறு வந்தால் அது சத்தமாகத்தான் சொல்லும். கேட்கத் தெரிந்தவனுக்கு அது போதும்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழை முடிந்த சமயம் அண்ணன் போன் செய்தார். "தம்பி, வண்டி அடிக்குது. ஒர்க்‌ஷாப்பில எஞ்சினை இறக்கணும்னு சொல்லுதாவ. கிராங்க் கிரைண்டிங், பேரிங், பிஸ்டன் எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய் ஆகுமாம். உங்க மதினி சங்கிலியை வைக்கலாம்னு இருக்கேன். நீ ஒரு தடவை வந்து பாரு" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியம்தான் என்னை உடனே கிளப்பியது. மறுநாள் காலை பாசஞ்சர் ரயிலில் பாறசாலையில் போய் இறங்கினேன்.

டீசல் லோகோ ஷெட்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். டபிள்யூ.டி.எம்.-2 என்ற லோகோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஆல்கோ வடிவமைப்பு, 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். 1962-இல் நம் நாட்டுக்கு வந்து, பிறகு வாரணாசியிலேயே செய்யப்பட்டது. அந்தப் பதினாறில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் எங்கள் ஆட்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வண்டிப் பரிசோதகர்கள் தண்டவாளத்தின் ஓரம் நின்று ஒவ்வொரு பெட்டியாகக் கண்ணாலும் காதாலும் பார்ப்பதும் ரயில்வேயில் பழைய வழக்கம். இந்த அனுபவம் கொடுத்த பெருமையோடுதான் நான் போனேன். அந்தப் பெருமைதான் என்னைக் கொஞ்சம் கவிழ்த்தது.

ஜீப்பைக் கிளப்பச் சொல்லி, பானெட்டைத் திறந்து நின்று கேட்டேன். 'டொக் டொக்' என்று கனத்த அடி. ஆக்ஸிலேட்டரை லேசாகக் கொடுத்து விட்டால் இன்னும் தெளிவாகக் கேட்டது. இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: "அண்ணே, ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரிதான். கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங் போயிருக்கு." அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மதினி உள்ளே போய்விட்டார்கள்.

அப்போது ஜீப் ஓட்டும் பையன், வயது இருபத்திரண்டு இருக்கும், ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே சொன்னான்: "சாரே, கிளட்சை அமுக்குனா சத்தம் மாறுதுல்லா?"

அவனை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்தேன். 'டொக் டொக்' என்பது மங்கி ஏறக்குறைய நின்றது. காலை எடுத்தேன். மறுபடி வந்தது. அந்த ஒரு மிதிக்குப் பிறகு என் தீர்ப்பு செல்லாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் எஞ்சினோடு இருந்த நான் செய்யாத சோதனையை அந்தப் பையன் தன்னை அறியாமல் தினமும் செய்துகொண்டிருந்தான். அவனிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு காப்பி குடித்துவிட்டு முறையாக ஆரம்பித்தோம். அந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு உதவும்.

முதலில் எண்ணெய்

அடிக்கும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் முன் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தோ, டீசல் கலந்து தண்ணீராகவோ இருந்தால் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. எங்கள் ஷெட்டுகளில் ஆயில் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதில் இரும்பு, செம்பு, ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எந்த உலோகம் கூடுகிறதோ அதை வைத்து எந்தப் பாகம் தேய்கிறது என்று ஊகிப்பார்கள். வீட்டில் அதற்கு ஏழை வழி ஒன்று உண்டு. ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பளபளக்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ ஈய நிறத்திலோ மின்னினால் பேரிங் தேய்கிறது என்று பயப்பட வேண்டும். அண்ணன் ஜீப்பின் ஆயிலில் அப்படி ஒரு துகளும் இல்லை. இது முதல் சாட்சி.

சூடும் சுமையும்

சத்தம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கவனியுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அதிகமாகக் கேட்டு, சூடேறியதும் குறைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டரில் தட்டும் சத்தம். சூடேறச் சூடேறக் கூடினால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் சூட்டில் ஆயில் இளகி அதன் அழுத்தம் குறைகிறது. மேட்டில் சுமையோடு இழுக்கும்போது அடியிலிருந்து 'தொம் தொம்' என்று வந்தால் கிராங்கின் மெயின் பேரிங்காக இருக்கலாம். மேலே 'டிக் டிக்' என்று மெல்லிசாகக் கேட்பது டேப்பட். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றும்போது கிராங்க் வினாடிக்குப் பன்னிரண்டரை சுற்று போகிறது. ஒரு டேப்பட்டோ ஆறு தடவைக்குச் சற்று மேல்தான் தட்டும். சற்றுப் பழகினால் இந்த வித்தியாசம் காதுக்குப் புரியும்.

அண்ணன் ஜீப்பில் சூட்டுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. இது இரண்டாவது சாட்சி.

ஒவ்வொரு சிலிண்டராக

பழைய டீசல் எஞ்சினில், ஐடிலில் ஓடும்போது, இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. ஒரு குறிப்பிட்ட சிலிண்டரை நிறுத்தியதும் அடி குறைந்தால் அந்த ராடின் பேரிங்தான் குற்றவாளி. இங்கே இரண்டு எச்சரிக்கைகள். இன்ஜெக்டர் குழாயில் இருக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் கொண்டது. விரலை அருகில் கொண்டு போகாதீர்கள், கண்ணாடி அணியுங்கள், துணியால் மூடிக்கொண்டு தளர்த்துங்கள். இரண்டாவது, இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் இதைச் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும். உயிருக்கே ஆபத்து.

நான்கு சிலிண்டரையும் இப்படிப் பார்த்தோம். எதை நிறுத்தினாலும் எங்கள் 'டொக் டொக்' அப்படியே இருந்தது. மூன்றாவது சாட்சி.

கிளட்சின் கதை

கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் ஓடும்போது கிளட்சை மெதுவாக மிதியுங்கள். மிதித்ததும் 'கரகர' என்று புதிதாக வந்தால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது இருந்த உறுமல் மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன்பக்கத்து ஷாஃப்ட் பேரிங். கனத்த அடி ஒன்று மிதித்ததும் மாறினால் இரண்டு சந்தேகம். ஒன்று, கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்கிறது. ஒருவர் கிளட்சை மிதிக்க, எஞ்சின் நின்ற நிலையில் மற்றவர் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைக் கவனித்தால் அது தெரிந்துவிடும். எங்கள் புல்லி அசையவில்லை. மிஞ்சியது இரண்டாவது சந்தேகம்: ஃப்ளைவீல் தளர்ந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்திப் பார்த்தோம். எல்லாம் அடங்கும் கடைசி நொடியில் 'டக்' என்று ஒரே ஒரு தட்டு. சந்தேகம் உறுதியானது போல இருந்தது.

நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் பல இடங்களில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டோம். முன்னால் மங்கல், பின்னால் கிளட்ச் ஹவுசிங் அருகில் தெளிவு. இதைச் செய்பவர்கள் ஃபேன் பெல்ட்டுக்கு எட்டவே நிற்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் வேட்டியோடும் லுங்கியோடும் எஞ்சினில் குனிவது வழக்கம். மடித்துக் கட்டியிருந்தாலும் அவிழ்ந்தால் ஃபேன் இழுத்துவிடும். பேண்ட் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.

மறுநாள் வேறொரு மெக்கானிக்கை அழைத்து, எஞ்சினைத் தொடாமல் கியர் பாக்ஸை மட்டும் இறக்கினோம். கிளட்சைக் கழற்றியதும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. ஃப்ளைவீல் போல்டுகள் தளர்ந்திருந்தன. இரண்டை நான் விரலாலேயே திருப்பினேன். கிளட்ச் பிளேட்டில் ஒரு ஸ்பிரிங்கும் உடைந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கிளட்ச் மாற்றியபோது ஃப்ளைவீலைக் கழற்றி முகம் தேய்த்திருக்கிறார்கள். திருப்பிப் பூட்டும்போது டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கவில்லை, போல்டைப் பூட்டும் தகடும் போடவில்லை. வண்டி மேல் குற்றமில்லை, கை அவசரம்.

புதிய போல்டுகள், பூட்டுத் தகடு, புதிய கிளட்ச் பிளேட், கையேட்டில் சொன்ன அளவுக்கு எதிரெதிராக முறுக்கு. கூலியோடு 9,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஜீப் சத்தமில்லாமல் சரிவில் ஏறியது. சங்கிலி வீட்டிலேயே இருந்தது.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஒன்று என்னை உறுத்தியது. அந்த எஞ்சினை 80,000 ரூபாய் செலவில் இறக்கிப் பழுது பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரும்பப் பூட்டும்போது ஃப்ளைவீல் போல்டுகளைப் புதிதாக முறுக்கியிருப்பார்கள். சத்தம் நின்றிருக்கும். "பார்த்தீரா, பேரிங்தான்" என்று ஒர்க்‌ஷாப்காரர் சொல்லியிருப்பார். அண்ணன் நம்பியிருப்பார், நானும் நம்பியிருப்பேன். செலவு வீண் என்று ஒருவருக்கும் கடைசி வரை தெரிந்திருக்காது. ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. நான் எப்படி அவசரப்பட்டேனோ அப்படித்தான் அவரும். காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால் கோளாறு போகலாம், ஆனால் அறிவு வராது. அடுத்த வண்டிக்கும் அதே செலவுதான்.

ஜீப் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் தோட்டத்திலும் மணலிலும் ஓட்டப் பழைய குவாட் வண்டிகளை வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குக் கிளட்ச் மிதி இல்லை. வேகம் கூடினால் தானே பிடிக்கும் கிளட்சோ, ரப்பர் பெல்ட்டோ இருக்கும். அங்கே நியூட்ரலில் கேட்கும் சத்தத்தையும், கியரில் போட்டுப் பிரேக்கைப் பிடித்தபடி ஐடிலில் கேட்கும் சத்தத்தையும், மெதுவாக நகரும்போது வரும் சத்தத்தையும் ஒப்பிட்டால் எஞ்சினா, கிளட்ச் பக்கமா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். வழி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, சத்தம் மாறுகிறதா என்று கேட்பது.

எல்லை ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் மெக்கானிக் மலையாளத்தில் கேட்பார், வண்டிக்காரர் தமிழில் சொல்வார். நடுவில் பாதி விஷயம் தொலைந்துவிடும். ஆனால் நம் மொழியில் கடகட, கரகர, டொக்டொக், கிறீச் என்று ஒலிக்குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டாம். வாயால் அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினால் போதும், எந்த ஊர் மெக்கானிக்கும் புரிந்துகொள்வார். வண்டியைக் கொண்டு போகும் முன் ஒரு தாளில் ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள்: என்ன சத்தம்? குளிரிலா, சூட்டிலா? நின்றிருக்கும்போதா, இழுக்கும்போதா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? இதற்கு முன் கடைசியாக எதைக் கழற்றிப் பூட்டினார்கள்?

ஐந்தாவது கேள்வியை மறக்காதீர்கள். எங்கள் ஜீப்பின் விடை அதில்தான் இருந்தது. இன்னொன்று, வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் யாரோ அவரிடம் முதலில் கேளுங்கள். அவர் இருபத்திரண்டு வயதுப் பையனாக இருந்தாலும் சரி.