விரல் நீட்டிக் காட்டுகிறதா உங்கள் பிள்ளை?

எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள். மூன்றாவது மகனுக்கு ஓட்டிசம். "ஆம்பிளப் புள்ள, சுணங்கித்தான் பேசும்" என்ற ஆறுதலைக் கேட்காத குடும்பம் நம்மில் குறைவு. அந்த ஆறுதலில் 2, 3 வருடங்கள் போய்விட்ட பிள்ளைகளை ஆசிரியராக நான் முதலாம் தரத்தில்தான் சந்திக்கிறேன்.

பேச்சு சுணங்கப் பல காரணங்கள் இருக்கலாம். காது கேட்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஆனால், பேச்சுக்கு முன்பே தெரியவேண்டிய அடையாளங்கள் உண்டு. 18 மாதப் பிள்ளை பூனையைக் கண்டால் விரல் நீட்டும். உடனே உம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். 'நீங்களும் பாருங்கள்' என்பதுதான் அதன் பொருள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பும். இவற்றைக் காணவில்லையென்றால், 18 மாதத் தடுப்பூசிக்குப் போகும்போதே மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தில் நாம் நிறைக் கோட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். பிள்ளையின் விருத்திப் படிகளுக்கும் அதில் இடம் இருக்கிறது.

பிள்ளைகள் கூடிய வீட்டில் இது கண்ணில் படாமல் போவது இலகு. எங்கள் மூத்த மகள், தம்பி கேட்கும் முன்பே தண்ணீரைக் கொடுத்துவிடுவாள். இப்போது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து எண்ணும் வரை அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறாள். கையைப் பிடித்து இழுத்தாலும் சரி, "தண்" என்றாலும் சரி, கேட்டதாகவே கணக்கு. உடனே கொடுக்கவேண்டும். பேச்சுப் பயிற்சியாளரைச் சில வாரங்களுக்கு ஒருமுறைதான் காண்கிறோம். தாகம் தினமும் வருகிறது.

கடைக்குட்டியும் இப்போது நானாவுக்காக எண்ணுகிறாள். மூன்றிலேயே கொடுத்துவிடுகிறாள்.