கொண்டோவா, டவுன்ஹவுஸா? முன்பணம் கட்டும் முன் இதைப் படிங்க

சனிக்கிழமை கொண்டோ ஒன்றின் மாதிரி வீட்டைப் பார்க்கிறீர்கள். உள்ளே ஏர்கோன் ஜில்லென்று ஓடுகிறது, சன்னலைத் திறந்தால் நீச்சல் குளம். மறுநாள் ஏஜெண்ட் ஒரு டவுன்ஹவுஸுக்குக் கூட்டிப் போகிறார். கொஞ்சம் பழைய தாமான், வாசலிலேயே கார் நிறுத்தலாம், லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம். விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தீர்ப்பு சொல்லிவிடுகிறார்: "டவுன்ஹவுஸையே எடு. நிலம் நமக்குச் சொந்தம். மாசா மாசம் மெயின்டனன்ஸ் கட்ட வேணாம்."

அம்மா சொன்ன இரண்டுமே பெரும்பாலும் சரியில்லை.

மலேசியாவில் டவுன்ஹவுஸ் என்றால் பொதுவாக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வீடுகள். ரோட்டிலிருந்து பார்த்தால் சாதாரண இரட்டை மாடி டெரஸ் வீடு மாதிரி இருக்கும். ஆனால் கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், இருவருக்கும் தனித்தனி வாசல். ஒரே நிலத்தின் மேல் இரண்டு உரிமையாளர்கள் என்பதால் யாருக்கும் அந்த நிலத்துக்குத் தனிப் பட்டா கிடையாது. கொண்டோவுக்குக் கிடைக்கும் அதே ஸ்ட்ராத்தா பட்டாதான் இதற்கும். அதாவது, 1985-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா பட்டாச் சட்டமும் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டமும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். சிலாங்கூரில் 2018 முதல் ஸ்ட்ராத்தா வீடுகளுக்கு நிலவரிக்குப் பதிலாக 'சுக்காய் பெத்தாக்' வருகிறதே, அதுவும் இரண்டுக்கும் உண்டு.

அதனால் 'நிலமா, மாடியா' என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எதையெல்லாம் அடுத்தவரோடு பங்கு போடப் போகிறீர்கள், எத்தனை பேரோடு, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இதைக் கேளுங்கள். அடுத்த 35 வருடத்துக்கு உங்கள் தவணைப் பணம் போகப் போகிற இடம் இது.

மாதக் கட்டணம்: வங்கி சொல்லாத தவணை

கொண்டோவுக்கு 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 35 சென் என்று ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மாதம் 350 ரிங்கிட். அதன் மேல் சிங்கிங் ஃபண்ட் எனப்படும் சேம நிதிக்கு வழக்கமாக 10 விழுக்காடு, அதாவது இன்னொரு 35 ரிங்கிட். மொத்தம் 385. வருடத்துக்கு 4,620. கட்டணம் ஒரு சென்கூட ஏறாது என்று வைத்தாலும் 35 வருடத்தில் 161,700 ரிங்கிட். நடப்பில் கட்டணம் ஏறாமல் இருக்காது. வங்கி உங்களிடம் காட்டும் மாதத் தவணையில் இந்தப் பணம் சேர்ந்திருக்காது, நீங்களேதான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சும்மா போகிற காசு இல்லை இது. லிஃப்ட், தண்ணீர் பம்ப், பாதுகாவலர், குப்பை, கட்டடத்துக்கான தீக் காப்புறுதி எல்லாம் இதிலிருந்துதான். சிங்கிங் ஃபண்ட் வேறு கணக்கு. பெயிண்ட் அடிக்க, பழைய லிஃப்டை மாற்ற என்று பெரிய செலவுகளுக்காகச் சேர்த்து வைப்பது.

டவுன்ஹவுஸில் கதை வேறு மாதிரி. கேட், கார்டு, சின்ன நீச்சல் குளம் என்று புதிதாகக் கட்டப்படும் டவுன்ஹவுஸ் திட்டங்களில் கட்டணம் கொண்டோவை விடக் கூடுதலாகவே வரலாம். கணக்கு எளிது: பாதுகாவலருக்கும் தோட்டக்காரருக்கும் மாதம் 30,000 ரிங்கிட் ஆகிறது என்றால், 600 வீடு இருக்கும் கொண்டோவில் தலைக்கு 50 ரிங்கிட். 60 வீடு இருக்கும் டவுன்ஹவுஸில் 500. (இதுவும் உதாரணக் கணக்குதான்.)

பழைய தாமான் டவுன்ஹவுஸாக இருந்தால் உண்மையிலேயே மாதக் கட்டணம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஏஜெண்ட் இதைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் கவலைப்பட வேண்டியதும் இதற்குத்தான். கட்டணம் இல்லை என்றால் நிதி இல்லை, நிதி இல்லை என்றால் அங்கே நிர்வாகமே உயிரோடு இல்லை என்று அர்த்தம். அதன் விளைவு மழைக்காலத்தில் தெரியும்.

சீலிங்கில் ஈரம் தெரிந்தால்

நான் இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால், அது தண்ணீர்க் கசிவுதான். மாடி வீடுகளில் அண்டை வீட்டாரோடு சண்டை வருவதற்கு இதைப் போல ஒரு காரணம் இல்லை.

உங்கள் குளியலறை சீலிங்கில் ஈரம் தெரிகிறது. 2015-இல் வந்த ஸ்ட்ராத்தா நிர்வாக விதிமுறைகளின்படி, கோளாறு மேல் வீட்டில்தான் இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். அப்படி இல்லை என்று வேறு ஆதாரம் கிடைத்தால்தான் அது மாறும். நீங்கள் புகார் கொடுத்த 7 நாளுக்குள் மேனேஜ்மென்ட் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 5 நாளுக்குள் காரணம் என்ன, யார் சரி செய்ய வேண்டும் என்று எழுத்தில் சான்றிதழ் தர வேண்டும். கையில் அந்தத் தாள் இருந்தால் மேல் வீட்டுக்காரரிடம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

ஓரளவு ஒழுங்காக நடக்கும் கொண்டோவில் இதற்கெல்லாம் ஆபீஸ் உண்டு, படிவம் உண்டு, சூப்பர்வைசர் உண்டு. நிர்வாகம் இல்லாத டவுன்ஹவுஸில் நீங்களும் மேல் வீட்டுக்காரரும்தான். அவர் நல்ல மனுஷராக இருந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை என்றால்? கட்டட ஆணையரிடம், அதாவது உங்கள் ஊராட்சி மன்றத்தின் சி.ஓ.பி. பிரிவில் புகார் கொடுக்கலாம். ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றத்துக்கும் போகலாம், 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழி இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் அலைய வேண்டும்.

மேல் வீட்டை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் ஓட்டுக் கூரை. ஸ்ட்ராத்தா கட்டடத்தில் கூரை பொதுவாகப் பொதுச் சொத்து. பழுதானால் பொது நிதியிலிருந்து சரி செய்ய வேண்டும். பொது நிதியே இல்லாத இடத்தில் ஓடு உடைந்தால் கீழ் வீட்டுக்காரர் பாதிப் பணம் தருவாரா? மழை அவர் வீட்டில் ஒழுகவில்லையே.

கட்டணம் கட்டாத பக்கத்து வீட்டுக்காரர்

கொண்டோவின் பலவீனம் இங்கே இருக்கிறது. நீங்கள் மாதம் தவறாமல் கட்டுகிறீர்கள். பத்தில் மூன்று பேர் கட்டவில்லை. லிஃப்ட் நிறுவனத்துக்குப் பாக்கி விழும், ஒரு லிஃப்ட் நிற்கும், பிறகு அதைச் சரி செய்ய மாதக்கணக்காகும். ஜாகாக்கள் எண்ணிக்கை குறையும். கட்டடம் பாழடைந்து தெரிய ஆரம்பித்ததும் நல்ல வாடகைக்காரர்கள் கிளம்புவார்கள், வீட்டு விலையும் அவர்களோடு இறங்கும்.

சட்டம் மேனேஜ்மென்டுக்குக் கொஞ்சம் பல் கொடுத்திருக்கிறது. பாக்கி வைத்தவருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம், அவருடைய அக்சஸ் கார்டை முடக்கலாம். பொதுக்கூட்டத்தில் அவர் வாக்களிக்கவும் முடியாது. செய்வார்களா இல்லையா என்பது அந்தந்தக் குழுவைப் பொறுத்தது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் உங்களைப் போல வீடு வாங்கியவர்கள்தான், வேலை முடிந்து வந்து மாலையில் கூட்டம் போடுகிறவர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நீங்களும் போக வேண்டியிருக்கும். போரடிக்கும், தெரியும்.

நம் வீட்டு விசேஷங்கள்

இதை எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். கல்யாணத்துக்கு முதல் நாள் நலுங்கு, வளைகாப்பு, வீட்டில் ஒரு பூஜை: கூடாரம் போட்டு நாற்காலி போட இடம் வேண்டும். கொண்டோவில் ஹால் புக் செய்ய வேண்டும், நேரக் கட்டுப்பாடு உண்டு, வரும் ஒவ்வொரு காரையும் கார்டு நிறுத்திக் கேட்பார். வீட்டுக்கு வெளியே நடைபாதையில் செருப்பு அலமாரி, துளசிச் செடி வைப்பதுகூட விதிப்படி தகராறுதான். அது பொது இடம்.

பேசக் கஷ்டமான ஒன்று, சாவு வீடு. உடலை வீட்டில் வைத்துச் சடங்கு செய்துதான் எடுத்துப் போக வேண்டும் என்று நினைக்கும் குடும்பம் என்றால், 18-வது மாடியில் அது எப்படி நடக்கும் என்பதை வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள். தாத்தா பாட்டியோடு சேர்ந்து வாழப் போகிறவர்களுக்கு டவுன்ஹவுஸின் கீழ் வீடு உண்மையிலேயே நல்ல வசதி. படியும் இல்லை, லிஃப்டும் இல்லை. அதே டவுன்ஹவுஸின் மேல் வீடு என்றால் முட்டி வலி உள்ளவர்களுக்கு லிஃப்ட் இருக்கும் கொண்டோவே மேல்.

பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டலாமே என்று அப்பா கேட்பார். டெரஸ் வீடு மாதிரி முடியாது. மேனேஜ்மென்ட் அனுமதி வேண்டும், ஊராட்சி மன்ற அனுமதியும் வேண்டும். நீங்கள் போடும் கூரை மேல் வீட்டு சன்னலுக்கு நேர் கீழே வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நுழைவுச் செலவு, வெளியேறும் செலவு

இதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 450,000 ரிங்கிட் வீட்டுக்கு 90 விழுக்காடு கடன் கிடைத்தால் கைப்பணம் 45,000. உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி 8,000, கடன் ஒப்பந்தத்துக்கு 2,025. முதல் வீடு வாங்கும் மலேசியர் என்றால், 500,000 ரிங்கிட் வரையிலான வீட்டுக்கு இந்த இரண்டு முத்திரை வரிக்கும் 2027 இறுதி வரை முழு விலக்கு உண்டு. இ.பி.எஃப். செஜாத்ரா கணக்கிலிருந்தும் வீட்டுக்குப் பணம் எடுக்கலாம். பிடிக்கவில்லை என்று மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. ஆறாவது வருடத்திலிருந்து மலேசியர்களுக்கு இல்லை.

விற்கும்போது மட்டும் ஒரு வித்தியாசம். நாட்டில் கட்டி முடித்தும் விற்காமல் கிடக்கும் வீடுகளில் கொண்டோ, அடுக்குமாடி வகைதான் அதிகம் என்று நாப்பிக் அறிக்கைகள் தொடர்ந்து சொல்கின்றன. உங்கள் கொண்டோவுக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு டவர் எழும்புகிறதா என்று பாருங்கள். விற்கிற நாளில் அவைதான் உங்களுக்குப் போட்டி.

என்னைக் கேட்டால்: தனியாக இருக்கிறீர்கள், எல்.ஆர்.டி.யில் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், பத்து வருடம் ஆகியும் சுத்தமாக இருக்கும் கொண்டோ ஒன்றில் வாங்குங்கள். பத்து வருடமாக நிர்வாகம் எப்படி நடந்தது என்பது சுவரிலேயே தெரியும், புதுக் கட்டடத்தில் அது தெரியாது. பெரியவர்களோடு வாழும் குடும்பம் என்றால் கீழ் டவுன்ஹவுஸ், ஆனால் நிர்வாகம் உயிரோடு இருந்தால் மட்டும்.

உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்க நினைப்பவர் எழுதிக் கேட்டால் மேனேஜ்மென்ட் ஒரு சான்றிதழ் தர வேண்டும். அந்த வீட்டுக்கு எவ்வளவு பாக்கி, சிங்கிங் ஃபண்டில் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். கடந்த பொதுக்கூட்ட அறிக்கையை வீட்டுக்காரரிடம் வாங்கிப் படியுங்கள். ஸ்ட்ராத்தா பட்டா வெளிவந்துவிட்டதா, கார் நிறுத்துமிடம் பட்டாவில் உங்கள் வீட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் முன்பணம் கட்டும் முன்.

அப்புறம், நல்ல மழை பெய்த மறுநாள் ஏஜெண்ட் இல்லாமல் ஒரு தடவை போங்க. டவுன்ஹவுஸ் என்றால் மேல் வீட்டுக் கதவையோ கீழ் வீட்டுக் கதவையோ தட்டி, "இங்க ஒழுகுதா?" என்று கேளுங்கள்.